வேலுத்தாய் கொடுத்த தகடு

இது நடந்தது. 2009 ஆகஸ்ட், பட்டப்பகல். பானுப்பிரியாவைக் கேட்டால் இன்றைக்கும் அலுத்துக்கொண்டுதான் சொல்வாள். "நம்பாட்டிப் போங்க. எனக்கென்ன."

சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே அவளுக்கு நாலு வருஷ ஆராய்ச்சி. டைட்டானியக் கலவைத் தகட்டை அமிலத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சினால், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் முளைக்கும். அப்படி முளைத்த தகட்டை எலும்பு இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் பாழாய்ப்போன கரண்ட் கட்டால் ஒன்றுமே உருப்படியாக முளைக்கவில்லை. ஆய்வேடு கொடுக்கப் பத்தே நாள். கையில் தகடும் தீர்ந்துவிட்டது.

கூட்டிப் பெருக்கச் சேர்ந்து ஒரு வாரமே ஆன வேலுத்தாய், அவள் புலம்பியதைக் கேட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தகட்டை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரவுக கால் ஒடிஞ்சப்ப உள்ள வச்சிருந்ததும்மா. இனி அவுகளுக்குத் தேவப்படாது."

எலும்பு சேர்ந்ததும் டாக்டர் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று பானு நினைத்துக்கொண்டாள். தகடு ஏனோ கருகியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

மதியம் 1:50. அமிலத்தில் இறக்கி, சுவிட்சைப் போட்டாள்.

2:10. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. மேசையில் தலையைச் சாய்த்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

2:17...

டக். சர்ர்ர்...

வராந்தாவில் யாரோ ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து நடந்தார்கள்.

"யாரு?"

சத்தம் உள்ளே வந்தது. மேசையைச் சுற்றியது. ஆளைக் காணோம்.

மீட்டரைப் பார்த்தாள். கரண்டே இல்லை... முள் துள்ளியது.

டக். ஒரு துள்ளல்.

டக். இன்னொன்று.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

4:00. ஃபேன் சுற்றியது. சத்தம் நின்றது.

தகட்டில் ஒரே சீராக நிறம் ஏறியிருந்தது. நாலு வருஷத்தில் அப்படி ஒன்று வந்ததில்லை. பயம் ஒருபக்கம் கிடக்கட்டும் என்று, பாதியை வெட்டி அன்றைக்கே மைக்ராஸ்கோப்பில் பார்க்க மதுரைக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் வேலுத்தாய் முகம் வீங்கி வந்து நின்றாள்.

"தகட்டக் குடுத்துருங்கம்மா. அவுக பட்டாசுக் கம்பெனி வெடியில போயி எட்டு மாசமாச்சு. அந்தத் தகடு சுடுகாட்டுச் சாம்பல்ல கெடந்தது. இருந்தாலும் தெனம் ரெண்டே காலுக்குச் சாப்பிட வந்துருவாக. கால இழுக்குற சத்தம் கேக்கும். நேத்து வரல... சோறு அப்பிடியே கெடக்கு."

பானு மிச்சப் பாதியை அவள் கையில் வைத்தாள்.

மதுரையிலிருந்து வந்த மைக்ராஸ்கோப் படத்தை வைத்துத்தான் பிறகு பட்டம் வாங்கினாள். அது தனிக் கதை. தகட்டைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் வேலுத்தாயிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"வந்தாகளாக்கா?"

"வந்தாக. வாசப்படிதான் ஏற முடியல... இருட்டுற வரைக்கும் அங்கனயே சத்தம் கேட்டுச்சும்மா."