தண்ணீர் ஓடும்போது பேசியவள்

அத்தான் எழுதினார்; அக்கா இஸ்திரி போட்டாள். அவர்கள் குடும்பக் கதை அவ்வளவுதான். ஆட்சியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டு, நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று அவருக்கு. இங்கே அக்காவின் பள்ளிக்கூட வேலை போனது. சலவைக் கடைக்காரர் ஒருவர்தான் துணிந்து வேலை கொடுத்தார். அங்கே நின்று நின்றே அவள் கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது.

சுவருக்கும் காது உண்டு என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை. ஒட்டுக்கேட்பதற்கென்றே மாடியில் ஓர் ஆளைக் குடிவைத்திருந்தார்கள். அதனால் முக்கியமான பேச்சு என்றால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தகர வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில்தான் பேசுவோம். குழாயைத் திறக்காமல் பேசியதெல்லாம் காய்கறி விலை மட்டும்.

போன மாதம் ஆட்சி கவிழ்ந்தது. மாடிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தான். அத்தான் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார். அக்கா விமான நிலையத்துக்குப் போகவில்லை. "சாயங்காலத்துக்குள்ள துணி குடுத்தாகணும்" என்றாள்.

"நான் திரும்பிப் போயிடட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? நீ சொல்றதுதான்" என்று கேட்டார் அத்தான். அக்கா குழாயைத் திறந்தாள். "தண்ணி வீணாப் போகுதே" என்று அவர் மூடினார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளும் இதே கூத்து. மக்களின் மௌனத்தைப் பற்றி அலமாரி நிறைய எழுதியவருக்குச் சொந்த வீட்டு மௌனம் பிடிபடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், அவ வாய் திறக்கணும்னா தண்ணி ஓடணும். நீங்க இல்லாத வருஷமெல்லாம் நாங்க அப்படித்தான் பேசினோம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. தானே போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அக்கா வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருங்க. ஆனா இனிமே எழுதாதீங்க. இப்ப வந்தவங்களும் ஒருநாள் மாறுவாங்க. இன்னொரு தடவை போலீஸ் ஸ்டேஷன் போலீஸ் ஸ்டேஷனா அலைய எனக்குத் தெம்பில்ல. அலுத்துப்போச்சு."

பழைய அரசாங்கம் மிரட்டியும் அடித்தும் கேட்டது இதைத்தான். அன்றைக்கு முடியாது என்றவர், இப்போது வாளி நிரம்பி வழிகிறவரை நின்றுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா குழாயை மூடினாள். அவரைத் திட்டியே பழகிய எனக்கு முதல் முறையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்கவும்தான்.