ஒரு எழுத்து தள்ளி வைத்த விரல்கள்

டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மாணவர்களின் முகத்தைவிட விரல்கள்தான் முதலில் பழக்கமாகும். ஐம்பதுகளில் சில வருஷம் கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு அந்த வேலை. கீழே புதுத்துணி வாசனை, மேலே ரிப்பன் மை வாசனை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேலத்தில் பரீட்சை. மிஷின்களைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸின் கூரையில் ஏற்றி, பையன்களையும் பெண்களையும் உள்ளே ஏற்றி நான்தான் கூட்டிப்போவேன்.

ஒரே வரியைப் பக்கம் பக்கமாக அடித்து விரல் முட்டி வீங்கியவர்களே, தூக்கத்திலும் மிஷின் மணி கேட்டு எழுந்து உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். பரீட்சையில் தோற்பது பெரிய விஷயமில்லை. எத்தனையோ பேர் தோற்றார்கள், மறுபடி எழுதினார்கள். பரீட்சை வரும் முன்பே தன்னைத் தானே தோற்கடித்துக்கொள்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் முகம்தான் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காவேரிப்பட்டணத்தில் இறங்கியவள்

ராஜம்மா கல்லாவி கிராமத்துப் பெண். சொந்தத்தில் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்த விவசாயக் குடும்பம். கல்யாணமான சில வருஷத்தில் புருஷன் தவறிப்போய்விட்டார். கிருஷ்ணகிரியில் அரிசி மில்லில் வேலை பார்த்த அண்ணன் முனுசாமி, தங்கையையும் தாயாரையும் தன்னோடு கூட்டி வந்து வைத்திருந்தார். "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்குதுங்க. டைப்பும் கத்துக்கிட்டா யார் கையையும் எதிர்பார்க்க வேணாம் பாருங்க" என்று சொல்லி அவர்தான் மாடிக்கு அழைத்து வந்து விட்டார்.

அப்படி ஒரு கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மற்றவர்கள் மிஷினை அடிப்பார்கள். அவள் தொடுவாள், அது ஓடும். வேலைக்குப் போவதைப் பற்றி அவளுக்குத் தெளிவான கணக்கு இருந்தது. ஓசூரிலோ தர்மபுரியிலோ ஒரு ஆபீஸ், ஒரு அறை வாடகைக்கு, அதில் தானும் அம்மாவும். அண்ணிக்குப் பாரமாக இருக்கக்கூடாது. இவ்வளவும் தானாகவே ஒரு நாள் சொன்னாள்.

முதல் பரீட்சைக்கு அண்ணனோடு பஸ் ஏறினாள். காவேரிப்பட்டணத்தில் ஆள் இறக்க பஸ் நின்றது. திடீரென்று எழுந்தாள். முகமெல்லாம் வேர்வை. தலை சுற்றுகிறது, இறங்குகிறேன் என்றாள். முனுசாமி பதறிப்போய்க் கூடவே இறங்கினார். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாம்மா, நிறுத்தி வைக்கச் சொல்றேன்" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். ரோட்டோரம் நின்று என்னை நிமிர்ந்து பார்த்து அவள் சொன்னாள்: "வேணாங்க சார். பஸ் போனாத்தான் எனக்கு மயக்கம் தெளியும்."

ஜவளகிரிக்காரரின் கட்டு

அதே சமயத்தில் வெங்கடேசப்பா என்று ஒருவர் படித்தார். ஓசூர்ப் பக்கம் தளிக்கு அந்தப்புறம், காட்டோரம் இருந்த ஜவளகிரி அவர் ஊர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். நிலபுலன் உள்ள வீடு. அவருக்கோ பெங்களூரில் ஒரு கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று ஆசை. அதற்காகவே கிருஷ்ணகிரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின வாரம் அவர் விரலில் ஒரு கட்டு இருக்கும். ஒரு தடவை கதவு இடுக்கில் நசுங்கியது, அடுத்த தடவை அரிவாள் பட்டது, அதற்கடுத்த தடவை அடுப்பு சுட்டது.

மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டை அவிழுங்க, பார்க்கலாம்" என்றேன். "பேடா சார், பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் என்று கெஞ்சி, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே அவிழ்த்தார். உள்ளே நிஜமாகவே கொப்புளம். பொய்க் கட்டாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வேண்டுமென்றே தன் விரலைச் சுட்டுக்கொண்ட மனுஷனிடம் என்ன பேசுவது? பெஞ்சில் உட்கார வைத்து, ஏன் இப்படி என்று மட்டும் கேட்டேன். அன்று மாலையே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்விட்டார், அப்புறம் வரவில்லை. போகும் முன் அவர் சொன்ன பதில் இது: "சின்ன வயசிலேருந்து எங்கப்பா என்னை ஒண்ணுக்கும் ஆகாதவன்னுதான் கூப்பிடறாரு சார். பரீட்சை எழுதாத வரைக்கும் அது பொய்யின்னு நான் நெனச்சுக்கலாம் பாருங்க."

கை நகர்ந்தது

காவேரிப்பட்டணத்துக்குப் பிறகு ராஜம்மா இரண்டு நாள் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். அடுத்த பரீட்சைக்கு முன்னால் வழக்கம்போல் மாதிரித் தேர்வு வைத்தேன். அதில் தேறியவர்களைத்தான் சேலத்துக்கு அழைத்துப்போவது. எல்லோர் பின்னாலும் நடந்துகொண்டே "ஸ்டார்ட்" என்றேன். அப்போது நான் நின்றது அவள் முதுகுக்குப் பின்னால்.

சரியான இடத்தில் இருந்த அவள் இரண்டு கைகளும் மெதுவாக ஒரு எழுத்து வலது பக்கம் நகர்ந்தன. பிறகு ஓட ஆரம்பித்தன. அதே வேகம், அதே தாளம். தாளில் விழுந்ததெல்லாம் யாருக்கும் புரியாத எழுத்து. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விரல் தவறி இப்படி ஆவது உண்டு. இது தவறவில்லை. நேரம் முடியும்வரை ஒரு தடவைகூட நிற்காமல் அடித்தாள். அடித்ததைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "நான் தேறலீங்க சார்" என்றாள்.

மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, "நான் பார்த்தேம்மா" என்றேன். அவளுக்கு அழுகை வரவில்லை. ஏதோ கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவள் மாதிரி நின்றாள். எட்டாம் வகுப்பில் தாலுக்காவிலேயே முதல் மார்க் வாங்கிய வாரம் அப்பா போனாராம். புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவர்தான் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வைத்தவர். ரிசல்ட் வந்து, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்த வாரத்தில் அவரும் போனாராம். இதையெல்லாம் விலாசம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவள் முடித்தது இப்படி: "இப்ப எனக்குன்னு மிச்சம் இருக்கறது எங்கம்மா ஒருத்திதாங்க சார். நான் ஃபெயிலாவே இருந்துக்கறேன்."

அவள் அடித்த தாளை மடித்து என் மேஜை டிராயருக்குள் வைத்தேன்.

எழுதாமலே வந்தது

அந்தத் தடவையும் அவளை விட்டுவிட்டுத்தான் சேலம் போனோம். திரும்பி வந்து கொஞ்ச நாளில், மழை பிடித்த மாதம், அவள் தாயாருக்கு இளைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக முனுசாமி வந்து சொன்னார். பார்க்கப் போனேன். அந்த அம்மாள் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ராஜம்மா முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

வராந்தாவரை கூட வந்தாள். அங்கே தூணில் சாய்ந்து மழையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "பஸ்ஸ விட்டு இறங்கினேன். கைய நகர்த்தி வெச்சேன். நான்தான் ஒண்ணுமே ஜெயிக்கலியே சார், அப்புறம் எதுக்கு எங்கம்மாவுக்கு இப்படி வரணும்?"

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வழக்கமான மிஷினில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாடிக்குமாக நடந்த நடையில் ஆளே பாதியாகிப்போனாள். மிஷினில் கை மட்டும் இடம் மாறவில்லை.

சேலத்தில் ஒரு அதட்டல்

அடுத்த பரீட்சை வந்தது. தாயார் வீடு திரும்பியிருந்தாலும் தனியாக விட முடியாது. அண்ணன் வர முடியவில்லை. எங்கள் கூட்டத்தோடு ராஜம்மா மட்டும் வந்தாள். காவேரிப்பட்டணத்தில் பஸ் நின்றபோது நான் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். அவள் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விசில் ஊதி பஸ் நகர்ந்து, ஊர் எல்லை தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அந்தக் கையை எடுத்தாள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அத்தனை மிஷினும் ஒன்றாகக் கிளம்பியபோது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம். எது அவள் சத்தம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடிந்து வெளியே வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து சிரிப்போடு சொன்னாள்: "நடுவுல ஒரு தடவை கை தானா நகரப் பார்த்துச்சுங்க சார். சும்மா இருன்னு அதட்டுனேன். பக்கத்து மிஷின் பொண்ணு தன்னைத்தான் சொல்றேன்னு நெனச்சு அடிக்கறத நிறுத்திருச்சு, பாவம்."

பல வருஷத்தில் அன்றுதான் அவள் சிரித்ததாக அவள் அண்ணன் பிறகு சொன்னார். நான் அவரிடம் சொன்னதை வைத்துத்தான் அவருக்கே தெரியும்.

சிங்காரப்பேட்டைப் பெரியம்மா

ரிசல்ட் வந்தது. ராஜம்மா பாஸ். நல்ல மார்க். ஓசூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் இடம் காலி என்று கேள்விப்பட்டு உடனே மனுப் போட வைத்தேன். வரச்சொல்லிப் பதிலும் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அடங்கும் முன்னே ஒரு விடியற்காலையில் தாயாருக்கு இளைப்பு திரும்ப வந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஓடினேன். எனக்கு அந்த அம்மாள் போனதைவிட, இனி இந்தப் பெண் என்ன ஆவாள் என்றுதான் கவலை. நினைத்தபடியே ஆயிற்று. சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த பெரியம்மா ஒருத்தி வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "படிச்சுப் படிச்சு மூணாவது ஆளையும் முழுங்கிட்டியேடி" என்று ஊர் கேட்கக் கத்தினாள். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். ராஜம்மா தாயார் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. ஓசூர் வேலை அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டே வீடு வந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் மாடிக்கு வந்தாள். வேலைக்குப் போகும் நாள் நெருங்கியிருந்தது. காலியாக இருந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து, உறை போட்டிருந்த அதன்மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "முதல் தடவையே எழுதியிருந்தேன்னா, எங்கம்மா ஓசூர்ல எங்கூட ஒரு வருசமாவது இருந்திருக்குங்க சார்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஓசூர் பஸ் காலையில் எப்போது என்று கேட்டாள். சொன்னேன். "பெரியம்மா பேசினதை மனசுல வெச்சுக்காதேம்மா" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவள் படி இறங்கப் போனவள் நின்றாள். "எங்கப்பா பாம்பு கடிச்சுப் போனாருங்க. எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல போனாரு. எங்கம்மா இளைப்புல போச்சு. இதுல எதையும் நான் டைப் அடிக்கலீங்க சார்."

நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று கடிகாரம் பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு மனுஷி தன் கைக்குக் குறுக்கே தானே நிற்காமல் விலகிக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருந்தால் பாடம் நடத்தியவனே ஃபெயில்தான்.