தம்பி கேட்டு வாங்கிய நிலம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும், தம்பியோடு வேலை செய்தவர்களுக்கும் மூத்த அக்காவின் வணக்கம். தம்பி கண்ணை மூடி ஒரு வருசம் ஆகிறது. வீட்டில் "டேய்" என்று கூப்பிட்ட வாய்தான் இது. ஆனாலும் அச்சில் ஏறுகிற எழுத்து என்பதால் அவருக்குரிய மரியாதை குறையாமல் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், சேதியில் பிழை இருக்காது.

பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளியில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் தம்பி பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தம்பி படிக்கட்டும் என்று நான் பள்ளியை விட்டுக் கூடையை மாட்டினேன். அதை ஒரு நாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக் காட்டவில்லை, எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், பெரகல சந்திக்குக் கீழே ஆராய்ச்சிக் காலனி எழும்பியது. தேயிலைக்கு வரும் நோயையும் பூச்சியையும் படித்து மருந்து கண்டுபிடிப்பதற்கென்று, காகிதத்தில் வரைந்து பார்த்துக் கட்டிய ஊர் அது. தம்பி அங்கே ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவராகச் சேர்ந்து, பிறகு கண்ணாடி வீட்டில் நாற்றுகளைப் பார்க்கும் வேலைக்கு உயர்ந்தார். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக வேலையோடு குவாட்டர்ஸ் வீடு வாங்கியவர் அவர்தான்.

முதல் தடவை போனபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. சமைக்கும் குசினிக்குள் பைப்பு. அறைக்கு அறை பல்பு. தார் போட்ட பாதை, அளந்து வெட்டிய வேலி. மேல் வரிசையில் விஞ்ஞானி ஐயாமாரின் பங்களாக்கள், நடுவில் கிளாக்கர்மார், கீழே தம்பி போன்றவர்கள். கூட்டுறவுச் சங்கக்கடை, டிஸ்பென்சரி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா எல்லாம் கூப்பிடு தூரத்தில். சனிக்கிழமை மண்டபத்தில் படம் காட்டுவார்கள். கோழி வளர்க்கக் கூடாது, தப்பு மேளம் அடிக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கு அமைதி வேண்டுமாம்.

அம்மாவை அங்கே கூட்டிப் போய் வைத்துக்கொள்ளத் தம்பி துடித்தார். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"பைப்பு இருக்கு, பல்பு இருக்கு, கக்கூசு கூட கூரைக்குக் கீழ இருக்கு. செத்தா எங்கடா வைப்பீங்க?"

"இது புது ஊரும்மா. இங்க இன்னும் யாரும் சாகல."

"அப்ப நான்தான் ஆரம்பிச்சு வைக்கணுமாடா?"

எல்லோரும் சிரித்தோம். தம்பி சம்சாரம் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டினாள். ஆனால் அந்தக் காலனியில் எல்லாவற்றுக்கும் இடம் வரைந்தவர்கள் சாவுக்கு ஓர் இடம் வரையவில்லை என்பது உண்மை.

நாலைந்து மழைக்காலம் போனது. அம்மா அந்தக் குவாட்டர்ஸில்தான் கண்ணை மூடினார். புதைக்க இடம் இல்லை. பதுளை பஜாரில் மரக்கறிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, சங்கக்கடைக்குச் சாமான் போடுகிற தன் லொறியைக் கழுவிக் கொண்டுவந்தார். தப்புச் சத்தம் இல்லாமல் அம்மா காலனி வாசலைத் தாண்டினார். கோவா, கரட் என்று மரக்கறி வாசம் போகாத லொறியில், தம்பி அம்மாவின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்வெளி வரைக்கும் வந்தார். அங்கே எங்கள் சனங்கள் காத்திருந்தார்கள். அம்மா அவருடைய மண்ணில் படுத்தார். பக்கத்தில் ஓர் இடத்தில் கல் நட்டு வைத்தேன், எங்கள் இருவரில் முந்துகிறவருக்கு. மூத்தவள் நான், எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தம்பி பழைய தம்பியாக இல்லை. காலனிக்கு ஒரு மயானம் வேண்டும் என்று காலனிக்குத் தலைவரான பெரிய ஐயாவிடம் போய் நின்றார். பெரிய ஐயா கெட்டவர் இல்லை. "இங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேலைக்கு வந்தவர்கள். ஓய்வு பெற்றால் ஊருக்குப் போய்விடுவார்கள். மயானம் எதற்கு?" என்று கேட்டாராம்.

"எங்களுக்குப் போறதுக்கு ஊரு எதுங்க ஐயா?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அந்த வருசங்களில் இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தால் எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் பெட்டியைக் கட்டி இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பாட்டன் புதைந்த இடத்தை விட்டுவிட்டு, பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். "நம்ம ஆளு ஒருத்தரு படுத்திருக்கற எடந்தான்க்கா ஊரு. மத்ததெல்லாம் வேலைக்கு வந்த எடம்" என்பார் தம்பி.

பெரிய ஐயாமார் மாறி மாறி வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் தம்பி முதலிலிருந்து கேட்டார். கடைசியில் ஒருவர், எல்லைச் சவுக்கு மரங்களுக்கு அப்பால், தேயிலையே பிடிக்காத சரிவு ஒன்றைக் கொடுத்தார். தம்பி லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடந்தார். கல் பொறுக்கி, முள்ளுக்கம்பி அடித்து, வாசலுக்கு ஒரு படலை வைத்தார்.

ஆனால் ஒருவரும் வரவில்லை. காலனியில் சாவு விழுந்தபோதெல்லாம் பிணத்தைப் பழைய தோட்டங்களுக்கே கொண்டுபோனார்கள். அந்தச் சரிவில் முதலாவதாக, துணையில்லாமல் தனியாக யாரைப் போடுவது? மனசு வராதுதான். நானும் போட்டிருக்க மாட்டேன். புல் வளர்ந்தது. ஸ்டோர் காவல்காரர் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் வம்பிழுப்பார்.

"என்னண்ணே, கடையத் தொறந்து வச்சு எத்தன நாளாச்சு. யாவாரமே ஆகலயே?"

"மொதப் போணி நான்தான்டா. நீ அவசரப்படாத."

போன ஐப்பசி மழையில் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா பக்கத்துல கல்லு நட்டு வச்சிருக்கல்ல அக்கா?"

"வச்சிருக்கேன்."

"அத நீயே வச்சுக்க."

அவருக்குச் சுடுதண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

குவாட்டர்ஸ் வாசலில் அவரைக் கிடத்தியிருந்தபோது நானாவின் லொறி வந்து நின்றது. நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன், ஸ்பிரிங்வெளிக்குக் கொண்டுபோக. தம்பி சம்சாரம் என் கையைப் பிடித்தாள்.

"மதினி, அவுக இங்கதான்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

"ஏம்புள்ள, நீயும் பிள்ளைகளும் இந்த வீட்ட விட்டுப் போகணும். வேலை போனா வீடும் போச்சு. அப்புறம் எந்தம்பிக்கு வெளக்கு வைக்க இங்க யாரு இருக்கா? அனாதையா கெடக்கச் சொல்லுறியா?"

அவள் என் கையை விட்டாள்.

சரிவில் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நானே நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. மார்பளவு குழிக்குள், சேறு பூசிய உடம்போடு, வம்பிழுக்கிற அந்தக் காவல்காரர் நின்றார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வேணாம்னா சொல்லுங்கக்கா, மூடிடுறோம். ஆனா இத மூடிட்டா இனிமே இங்க ஒருத்தனும் தோண்ட மாட்டான். அண்ணன் வச்ச படலைய மாடு தள்ளிட்டுப் போயிரும்."

அந்தப் படலையைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி கட்டி முறுக்கிய விதம், அப்பா அந்தக் காலத்தில் லயத்து வேலிக்கு முறுக்கியது போலவே இருந்தது. திரும்பி வந்து நானாவிடம், "லொறியக் கொண்டு போங்க" என்றேன். அவர் லொறியை ஓரமாக விட்டுவிட்டு இறங்கிப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் காலனியில் முதன்முதலாகத் தப்பு அடித்தார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை. இப்போதிருக்கிற பெரிய ஐயா பாதையோரத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

தம்பி சம்சாரமும் பிள்ளைகளும் இப்போது என் காம்பராவில் இருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை பஸ் ஏறிப் போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறேன். இந்த ஒரு வருசத்தில் அந்தச் சரிவுக்கு வேறொருவர் வரவில்லை. தம்பி தனியாகத்தான் கிடக்கிறார். திரும்பி நடக்கும்போது முதுகில் அந்தத் தனிமை ஏறிக்கொண்டு வருகிறது.

தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸ் மிஸ்மாருக்கும், குழி வெட்டிய கைகளுக்கும், இரண்டு சாவுக்கும் லொறியோடு வந்த நானாவுக்கும், பாதையோரத்தில் நின்ற பெரிய ஐயாவுக்கும், தூரத் தோட்டங்களிலிருந்து மழையில் வந்த சனங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக என் பிள்ளைகளுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் ஒன்று. வாயால் சொன்னால் மறந்துவிட்டோம் என்பீர்கள், அதனால் அச்சில் போடுகிறேன். அம்மா பக்கத்தில் நட்ட கல்லைப் பிடுங்கிவிட்டேன். அந்த இடம் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குப் போகட்டும். என் காலம் வரும்போது நானாவிடம் சொல்லியனுப்புங்கள். லொறி ஸ்பிரிங்வெளியிலிருந்து பெரகல காலனிக்கு வரட்டும். முந்தியிருக்க வேண்டியவள் நான். தம்பி முந்திக்கொண்டார். இரண்டாவது இடம் எனக்கு.