கீழிருந்து வெட்டிய பத்தி

அக்காவின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பத்திரிகையில் பிரதி திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாநில எல்லையோரம் வடகரப்பதியில் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மச்சான் இறந்தபின் தென்னந்தோப்பை அவளே பார்த்துக்கொள்கிறாள். காலையில் சொட்டுநீர் வால்வுகளை அவள் கையால்தான் திறக்க வேண்டும். தோப்புக்குள் செருப்புப் போடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வேலிப்படலுக்கு வெளியே கழற்றிவிடுவோம். பல வருட சர்க்கரையில் அவள் பாதம் மரத்துப்போயிருந்தது. குழாயில் துருத்திய கம்பி சுண்டுவிரலோரம் கிழித்தது அவளுக்குத் தெரியவில்லை. வாசல் சிமெண்டில் ரத்தத் தடத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

புண் சீக்கிரம் மூடாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர்.

"வால்வு தொறக்கறக்கு ஆள் வெக்க மாட்டேன். நீயே கட்டுப் போட்டு ஆத்திவுடு" என்றாள் அக்கா.

தினமும் காலையில் அவள் காலை மடியில் வைத்துக் கட்டு மாற்றினேன். புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள விதி. அவள் குளிக்கும்போது பாதத்தில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டினேன். பழைய துணியைக் காய்ந்தபடியே உரித்தேன். பிறகு நுரை மருந்து ஊற்றினேன். வெள்ளையாகப் பொங்கினால் கிருமி சாகிறது என்று இருவருக்கும் திருப்தி. துணியில் சிறு ரத்தப் புள்ளிகள் இருக்கும். சதை உயிரோடு இருப்பதற்கு அது அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நோவுதாக்கா?"

"ஒண்ணுந் தெரியல. ஊரார் எழுதுனதையெல்லாம் வெட்டித் தள்ளுன கையில்ல, பதமாத்தான் இருக்குது."

அவள் வலிக்கவில்லை என்றதை என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ். நான் துணியை உரிப்பதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"சாரே, நனைக்காமயா எடுக்கறீங்க?"

"தண்ணி படக்கூடாதுங்களே."

"பின்ன அந்த சலைன் பாட்டில் எதுக்குத் தந்தது? அலமாரிக்கு அழகுக்கா?"

ஆஸ்பத்திரியில் தந்த அந்த உப்புநீர் பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. அவர் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. "இது அழுக்கில்ல. புதுத் தோல். ஓரத்துலேர்ந்து வந்துட்டிருந்தது. தினம் நீங்க பறிச்செடுத்துட்டீங்க. அந்த நுரை மருந்தும் இனி வேண்டாம், மிச்சத்தையும் அது கொல்லும்."

அன்று மதியம் கணினியில் ஒரு பழைய கட்டுரையைத் தேடி எடுத்தேன். அறிவியல் பக்கம் என் பொறுப்பில் இருந்தபோது ஒரு ஆராய்ச்சி மாணவி அனுப்பியது. உடலில் செல்கள் எப்படித் திசை அறிந்து நகர்கின்றன என்பது பொருள். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. காயத்திலிருந்து பரவும் வேதிப்பொருள் எந்தப் பக்கம் அதிகம் என்று அவை உணர்கின்றன. செல் அந்தப் பக்கம் தன் உடலை நீட்டுகிறது. நீண்ட முனையை ஒட்டு மூலக்கூறுகள் அடித்தளத்தோடு பிணைக்கின்றன. பின்பக்கப் பிடி தளர்கிறது, செல் முன்னே இழுபடுகிறது. பிடி இல்லாவிட்டாலும் நகராது; விடாமல் பிடித்தாலும் நகராது. இத்தனையும் அச்சில் வந்தது. தலைப்பு நான் வைத்ததுதான்.

கடைசிப் பத்தி வரவில்லை. புண்ணை மூட வரும் தோல் செல்களுக்கு ஈரமான தளம் வேண்டும், காய்ந்து ஒட்டிய துணியை உரித்தால் அவையும் சேர்ந்து போய்விடும் என்று அதில் எழுதியிருந்தாள். பக்கம் அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தது, இடம் போதாமல் கட்டுரையைக் கீழிருந்து வெட்டினேன். செய்தியில் முக்கியம் குறைந்தது கடைசியில் இருக்கும் என்பது எங்கள் தொழில் பழக்கம். அவள் செய்தியாளர் அல்ல; முக்கியமானதைக் கடைசியில் வைத்திருந்தாள். வெட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை நான் முழுதாகப் படித்தேனா என்பது இப்போது நினைவில்லை.

நர்ஸ் வந்துபோன மறுநாளிலிருந்து சலைனில் ஊறவைத்துத்தான் துணியை எடுத்தேன். ஒரு வாரத்தில் விளிம்பில் இளஞ்சிவப்பாக நூல் அகலத்துக்கு ஒரு கோடு வந்தது. ஆனால் அதற்குள் சீழ் எலும்புக்கு இறங்கியிருந்தது. விரலை எடுத்தார்கள். அந்த இடத்து வெட்டு, ஈரமாகக் கட்டுப் போட்டதிலேயே நன்றாக மூடியது. கோடு நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்ததைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இப்போது வால்வுகளை நான் திறக்கிறேன். அக்கா மெத்தைச் செருப்போடு படலுக்கு வெளியே நிற்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு தோப்புக்குள் வர அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. அங்கிருந்தே, "மூணாவதை இன்னொரு திருகு திருகுடா" என்கிறாள்.

போன வாரம் நலம் விசாரிக்க வந்த உறவுக்காரர்களிடம், "என்ற தம்பி கூட இருந்து பாத்துக்கிட்டான், ஒரு விரலோட போச்சு. இல்லீன்னா காலே போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது அவள் கால் என் மடியில்தான் இருந்தது. ஒரு சொல் விடாமல் அவள் காதிலும் விழுந்தது.

நான் காபி எடுத்துவர உள்ளே போனேன்.