ஒரே காலையில் மூடிய அப்பக்கடை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நாத்தனார் ராஜம்மா, எதிர்வீட்டு முனியம்மாக்கா, கம்போங் செட்டியிலிருந்து வந்த தங்கம்மா, என் வீட்டுக்காரர், நான். ஒருத்தரையும் மறக்கவில்லை.

இன்று காஜா பெராங் தெருவில் அப்பம் வாங்கும்போது கடைக்காரப் பெண் கேட்டாள்: "பாட்டி, நீங்களும் அப்பக்கடை போட்டீங்களாமே, ஏன் விட்டுட்டீங்க?"

"முட்டி வலிம்மா" என்றேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷத்தில் எனக்கு முட்டி வலிக்கிற வயசா?

கம்மலை அடகு வைத்து அரிசியும் அப்பச்சட்டியும் வாங்கி, வாசலில் அடுப்பு மூட்டிய முதல் காலை அது. முனியம்மாக்காவும் தங்கம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து ராஜம்மா வந்து இறங்கினாள்.

"சித்தப்பா பொணத்த இன்னும் எடுக்கல. தீட்டு வீட்டுல அப்பம் சுட்டு விக்கிறீங்களே அண்ணி, வெக்கமா இல்ல?"

எனக்கு அந்தச் சாவுச் சேதியே தெரியாது.

"நேத்தே அண்ணன்கிட்ட ஆள் வந்து சொல்லிட்டானே!" என்றாள்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். மாவு புளித்துவிடும் என்று என்னிடம் மறைத்த மனுஷன், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னேன். இவதான் மாவு கரைச்சாச்சுன்னு கேக்கல."

முனியம்மாக்கா வாயில் இருந்ததைச் சாக்கடையில் துப்பினாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என் கையால் யாரும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடவில்லை. இன்றைக்கும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ராஜம்மாவின் பேச்சையும் முனியம்மாக்காவின் துப்பலையும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அவர் போய்ப் பல வருஷமாச்சு, இனி குறைய என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நான் மன்னிக்காத ஒரே ஆள், கோவிந்தசாமி.