வேட்டைச் சப்பாத்தும் ஒரு பிடி அரிசியும்

எழுபதுகளின் நடுப்பகுதியில நடந்த கதை இது. அப்ப நாங்கள் மெல்பேர்னில, நோபல் பார்க்கில ஒரு வாடகை வீட்டில இருந்தனாங்கள். நானும் என்ர மனுசனும் மட்டும்தான். இவர் டண்டினொங்கில ஒரு தொழிற்சாலையில என்ஜினியர். ரயிலில போய் ரயிலில வருவார். கார் வாங்கிறது அப்ப வெறும் யோசனையாத்தான் இருந்தது.

அந்த வீடு எங்களுக்குக் கிடைச்சதே இவரோட வேலை செய்த ஒரு வெள்ளைக்கார ஃபோர்மனாலதான். அதுக்கு முதல் பார்த்த வீட்டுக்காரர் எல்லாரும் ரெலிபோனில "வாங்கோ, வந்து பாருங்கோ" எண்டுவினம். எங்கட முகத்தைக் கண்டவுடன "இப்பதான் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டம்" எண்டுவினம். இவர் மனம் விட்டுப்போய் ஒருநாள் ஃபோர்மனிட்டச் சொல்லியிருக்கிறார். அடுத்த வீட்டைப் பார்க்கப் போகேக்க அந்த மனுசனும் கூட வந்து வாசலை அடைச்சுக்கொண்டு நிண்டவர். அவ்வளவு பெரிய உருவம். "இவைக்கு நான் பொறுப்பு" எண்டு ஒரு வசனம்தான் சொன்னவர். வீட்டுக் கதவுத் திறப்பு எங்கட கைக்கு வந்திட்டுது.

ஃபோர்மனுக்கு நாப்பது வயசிருக்கும், கலியாணம் கட்டாத மனுசன். சனிக்கிழமையில எங்கட வீட்டுக்கு வந்திடுவார். நான் வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணால தண்ணி ஓட ஓட, "நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" எண்டு கேப்பார். அந்த நாட்டில எங்களைத் தேடி வர இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அவருக்கு ஒரு கனவு இருந்தது. பண்ணையில பிறந்து வளர்ந்தவர், முயல் நரி எல்லாம் சுட்டவர். ஆனா பெரிய மிருகம் ஒண்டையும் வேட்டையாடினதில்லை. ஐரோப்பாவுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றவேணும், ஸ்கொட்லாந்து, ஜெர்மனி, ஒஸ்ரியா, ஹங்கேரி எண்டு. எங்கட வன்னிக் காட்டு மரை அளவு பெரிய, கொம்பு கிளைவிட்ட கலைமானைச் சுடவேணும். காட்டுப்பண்டியும் வேணும். கூடப் போக இருந்த சிநேகிதனுக்கு முதுகு பிடிச்சு, வர ஏலாமல் போச்சுது. ஃபோர்மனோ அவுஸ்திரேலியாவை விட்டு வெளியில கால் வைச்சதே இல்லை, வேற பாஷையும் தெரியாது. என்ர மனுசன் ஜெர்மனியில படிச்சவர், அந்தப் பாஷை தண்ணிபட்ட பாடு. பிறகென்ன, "நீ வா என்னோட" எண்டு கேட்டிட்டார்.

இவரைப் பற்றிச் சொல்லவேணும். குசினியில கரப்பான்பூச்சியைக் கண்டால் பேப்பரில ஏத்திக்கொண்டுபோய்த் தோட்டத்தில விட்டிட்டு வாற ஆள். பரம்பரைச் சைவம். முட்டை உடைக்கிற சத்தம் கேட்டாலே முகம் சுருங்கும். அப்பிடிப்பட்டவர் ஃபோர்மனுக்கு என்ன சொல்லியிருக்கவேணும்? இல்லையெண்டு. ஆனா முகத்தை முறிச்சு ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தெரியாத பிறவி. சிரிச்சு, தலையை ஆட்டி, "பாப்பம்" எண்டு சொல்லிட்டு வந்திட்டார். ஊரில எண்டால் அந்தச் சிரிப்பைக் கண்டவுடன எதிர்ப்பக்கம் விளங்கிக்கொண்டு கதையை மாத்தியிருக்கும். ஃபோர்மன் விளங்கிக்கொண்டது, ஆள் வாறார் எண்டு.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு மேசை முழுக்க ஐரோப்பாத் தேசப்படம் விரிஞ்சுது. பிறகு ஒவ்வொரு சனியும் அதே வேலைதான். கலைமான் சோடியைக் கத்திக் கூப்பிடுறது செப்டெம்பரிலயாம், ஆனபடியால் அப்ப போகவேணும். துவக்கு கொண்டு போறதுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு அனுமதி. இவர் இருந்து ஜெர்மன் விடுதிகளுக்கெல்லாம் காயிதம் எழுதுறார், "ரெண்டு வேட்டைக்காரர் வருகினம்" எண்டு. நான் பக்கத்தில தேத்தண்ணியோட நிண்டு அந்த ரெண்டாவது வேட்டைக்காரரைப் பார்ப்பன். அவர் என்ர பக்கம் திரும்பமாட்டார்.

ஒருநாள் ஃபோர்மன் இவருக்கெண்டு ஒரு சோடி வேட்டைச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். புதுச் சப்பாத்தோட மலை ஏறினால் கால் கடிக்குமாம், அதால வீட்டுக்குள்ள போட்டு நடந்து பழகவேணுமாம். என்ர மனுசன் இடுப்பில கட்டின சாரத்தோட, முழங்கால் வரைக்கும் வாற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினிக்கும் அறைக்கும் நடந்த கோலத்தை நினைச்சால் எனக்கு இப்பவும் சிரிப்பு வருது.

ஆனா அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரேல்லை. நான் அப்ப மாசமாய் இருந்தனான். பிள்ளை பிறக்கிறது செப்டெம்பர் கடைசியில. ஊரிலயிருந்து அம்மா வர வழியில்லை. இவரும் மலைக்குப் போனால் நான் தனிய. அதோட, பிள்ளைத்தாச்சியின்ர புருசன் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது எண்டது எங்கட பக்கத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். மச்சம் மாமிசம் தின்னுற வீட்டிலகூட அந்த மாசங்களில கோழி அடிக்க வேற ஆளைத்தான் பிடிப்பினம்.

"இஞ்சருங்கோ, காரணம் கையில இருக்குத்தானே, அதைச் சொல்லுங்கோவன்" எண்டு கேட்டன்.

"வயிறு வெளியில தெரியமுதல் ஆருக்கும் சொல்லக்கூடாது, கண்ணூறு படும் எண்டு நீர்தானே சொன்னனீர்" எண்டார். அது உண்மைதான். அந்தக் கட்டுப்பாட்டை வைச்சது நான்தான். "அடுத்த சனி எப்பிடியும் சொல்லுறன்" எண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார். சனி வரும், படம் விரியும், இவர் பென்சிலால கோடு கீறுவார்.

கடைசியில ஒரு சனிக்கிழமை ஃபோர்மன் வந்து, "திங்கட்கிழமை ரெண்டு பேருக்கும் பிளேன் ரிக்கற் போடப்போறன்" எண்டார். இவர் பென்சிலை எடுத்து, கீறின கோட்டையே திருப்பிக் கீறினார். ஃபோர்மன் சந்தோசத்தில, "ஜெர்மன் வேட்டைக்காரருக்கு முன்னால நான் மரியாதை தெரியாதவன் மாதிரி நிக்கக்கூடாது, அங்கத்தைய வழக்கம் என்ன, சொல்லு" எண்டு கேட்டார்.

இவர் படிக்கேக்க தங்கியிருந்த வீட்டுக்காரர் வேட்டைக்காரராம். அந்த ஆள் செய்யத் தான் கண்டதை இவர் சொன்னார். மான் விழுந்தவுடன, பச்சைக் கொப்பு ஒண்டை முறிச்சு அதின்ர வாயில வைப்பினமாம், கடைசிச் சாப்பாடு எண்டு. தொப்பியைக் கழட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிப்பினமாம்.

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சிட்டு என்னை மறந்து கதைச்சிட்டன். "அட, எங்கட வாய்க்கரிசி மாதிரி" எண்டன். ஃபோர்மன் அதென்ன எண்டு கேக்க, செத்தவைக்கு வாயில அரிசி போடுறதைப் பற்றி, போற வழிக்குப் பசிக்கக்கூடாது எண்டு போடுறது, எண்டு விளக்கமாச் சொல்லத் தொடங்கினன்.

"வேண்டாம்" எண்டு ஒரு சத்தம். என்ர மனுசன்தான். கதிரையை விட்டு எழும்பி நிண்டார். "இந்த நேரத்தில நீர் அந்தக் கதை கதைக்கக்கூடாது." இங்கிலீசிலதான் சொன்னவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"இந்த நேரத்தில எண்டால்?" எண்டார் ஃபோர்மன்.

பிறகு எல்லாம் கொட்டுப்பட்டுப் போச்சுது. பிள்ளை, செப்டெம்பர், உயிர் கொல்லக்கூடாது, சைவம், தொடக்கத்திலயே சொல்லியிருக்கவேணும் எண்டு எல்லாம். இவர் சொல்லச் சொல்ல ஃபோர்மன் படத்தை மடிச்சுக்கொண்டே இருந்தார். கடைசியில, "எப்ப சொல்ல இருந்தனீ? பிளேன் ஏறின பிறகோ?" எண்டு கேட்டார். குழம்பு அடுப்பில இருந்தது. சாப்பிடாமலே போயிட்டார்.

அந்தக் கிழமை வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. வேலையில ஃபோர்மன் இவரோட வேலைக் கதை மட்டும்தான் கதைச்சவராம். இவர் வந்து சப்பாத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு ஆரில கோவிக்கிறது எண்டு தெரியேல்லை. இவ்வளவு நாளும் அந்தப் பயணம் நிக்கவேணும் எண்டு கும்பிட்டனான். அது நிண்டுது, ஆனா எங்களைத் தேடி வந்த மனுசனையும் கொண்டுபோயிட்டுது எண்டு அழுதன். வாசலில எங்களுக்காக நிண்ட அந்த உருவம்தான் கண்ணுக்குள்ள வந்துகொண்டிருந்தது.

அடுத்த சனி நான் வழமையைவிடக் கூடத்தான் சமைச்சன். வருவார் எண்ட நம்பிக்கையில இல்லை, கை அப்பிடிப் பழகிப்போச்சுது. மத்தியானம் வாசலில அவற்ர ஸ்டேஷன் வேகன் சத்தம் கேட்டது. ஃபோர்மன் உள்ள வந்து, இருந்து, சாப்பிட்டார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார். "நீ வரமாட்டன் எண்டது எனக்குக் கவலைதான். ஆனா கோவம் அதுக்கில்லை. நீ இல்லையெண்டு சொன்னால் நான் இந்த வீட்டுக்கு வராமல் விட்டிடுவன் எண்டு நினைச்சியே, அதுக்குத்தான்."

"நான் தனியத்தான் போறன்" எண்டார் ஃபோர்மன். "எனக்கு ஜெர்மன் படிப்பி. முதல்ல 'இல்லை' எண்டதில தொடங்கு. அதை நீயும் என்னோட சேர்ந்து சொல்லிப் பழகு." ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி மாறி மாறி "நைன், நைன்" எண்டு சொல்ல, நான் குசினிக்குள்ள போய் நிண்டு சிரிச்சன், அழவும் செய்தன்.

செப்டெம்பரில அவர் வெளிக்கிடுற அண்டைக்கு எயார்போட்டில வைச்சுக் தன்ர கார்த் திறப்பை இவற்ர கையில தந்தார். "பிள்ளை ரயிலுக்காகப் பாத்துக்கொண்டு இருக்காது" எண்டார். அவர் சொன்ன மாதிரித்தான் நடந்தது. ஒருநாள் விடியக் கொட்டுற மழைக்குள்ள எனக்கு வயித்துக்குத்துத் தொடங்க, அந்தக் காரிலதான் ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள். அவசரத்தில இவர் கதவடியில கிடந்ததை மாட்டிக்கொண்டு வந்திட்டார். மகள் பிறந்தவுடன அவளை முதல் தூக்கினது, சாரமும் வேட்டைச் சப்பாத்துமாய் நிண்ட ஒரு தகப்பன்தான். நேர்ஸ்மார் இவரை ஏற இறங்கப் பார்த்ததை நான் இண்டைக்கும் சொல்லிக் காட்டுவன்.

ஃபோர்மன் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கி மடியில வைச்சுக்கொண்டு, ஒரு போட்டோவை எடுத்துத் தந்தார். மலைச்சரிவில பெரிய கலைமான் ஒண்டு கிடக்குது. பக்கத்தில தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு ஃபோர்மன் நிக்கிறார். நான் பார்க்க விரும்பாமல்தான் பார்த்தன். மானின்ர வாயில பச்சைக் கொப்பு இருந்தது. அதுக்குக் கீழ, புல்லில, வெள்ளையாச் சிந்திக் கிடந்தது என்ன எண்டு கேட்டன்.

"அரிசி" எண்டார். விடுதிச் சமையல்காரியிட்ட ஒரு பிடி கேட்டு வாங்கிச் சட்டைப் பைக்குள்ள வைச்சிருந்தவராம். வழிகாட்டியா வந்தவன் ஃபோர்மனுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சிருப்பானாம். "போற வழிக்குப் பசிக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அந்தப் போட்டோ எங்கட அல்பத்தில மகளின்ர முதல் படத்துக்குப் பக்கத்தில இருக்குது. வாறவை, சைவக்காரர் வீட்டில உதென்ன கோலம் எண்டு கேப்பினம். நாங்கள் பயந்து பயந்து மறைச்ச ஒரு "இல்லை"யைச் சொன்ன பிறகுதான் அந்த மனுசன் எங்கட வீட்டு ஆளானவர் எண்டு, அப்ப நான் அவைக்குச் சொல்லுவன்.