தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டவர்

சென்ற வாரம் காலையில் என் வீட்டில் குடியிருப்பவர் போன் செய்தபோது, மறுபடியும் மோட்டார்தான் என்று எரிச்சலோடு எடுத்தேன். "சார், புரோக்கர் சிங்காரவேலு அண்ணன் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க, பாதி வழியிலயே…" என்றார். எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கும் விட்டவர்களுக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. குடிவருகிறவரின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், முந்தைய வீட்டை ஏன் காலி செய்தார் என்று கேட்பார். பிறகு அந்தத் தெருவுக்கே போய் விசாரிப்பார். "வீட்டுக்காரன் கோவத்துல பேசுவான், குடியிருக்கிறவன் பயத்துல பேசுவான். பக்கத்து வீட்டம்மாதான் உள்ளதைச் சொல்லும்" என்பார்.

வளைகுடாவிலிருந்து நான் திரும்பிய வருடம், என் மனைவிக்கு அவள் அப்பா எழுதிவைத்த பூதலூர் வயலை விற்கவைத்தேன். அந்தப் பணத்தில் வீடு வாங்கிவிட்டால் வாடகை வரும், உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டாள். புரோக்கர் வேண்டாம் என்று நானே ஒரு வீட்டைப் பிடித்தேன். நான்கு போர்ஷன், நான்கிலும் ஆள். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, மறுநாள் பத்திரப்பதிவு. என் சாமர்த்தியத்தைக் காட்டத்தான் மனைவியோடு சிங்காரவேலுவையும் அழைத்துப் போனேன்.

அவர் சுவரைத் தட்டவில்லை, பத்திரத்தைக் கேட்கவில்லை. கீழ் போர்ஷனில் இருந்த பெண்ணிடம், "கார்ப்பரேஷன் தண்ணி எத்தனை மணிக்கும்மா வரும்?" என்றார். அவள், எங்களோடு நின்ற வீட்டு உரிமையாளரைப் பார்த்துவிட்டு, "காலைல ஆறு மணிக்கு" என்றாள். பக்கத்துப் போர்ஷன்காரர் சாயங்காலம் என்றார். மாடியில் இருந்தவர், "அது எப்பவும் வரும்ங்க" என்று சிரித்தார். மூன்றுக்கும் ஒரே குழாய்.

"சார், இவங்க யாரும் இங்க குடியிருக்கலை. நாளைக்குப் பதிவு வேண்டாம்" என்றார் சிங்காரவேலு. வீட்டுக்காரர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். விலக்கிவிட வேண்டிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கமிஷன் வராதுங்கிற வயித்தெரிச்சல்ல பேசாதீங்க."

பிடித்த கையை அவர் தட்டிவிடக்கூட இல்லை. என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம், "அம்மா, வயல் வித்த காசு. ஒரு மழை பெய்யட்டும், பொறுங்க" என்றார்.

பணம் அவள் பெயரில் இருந்தது. "நான் நாளைக்கு வரலைங்க" என்றாள். அட்வான்ஸ் திரும்பாது என்று வீட்டுக்காரர் கத்தினார். வீடு வந்து சேரும்வரை நான் அவளிடம் பேசவில்லை. பேசாத நாட்கள் ஐப்பசிவரை நீண்டன.

ஐப்பசி மழையில் அந்தத் தெருவுக்குப் போனேன். கீழ் போர்ஷன்களில் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு கதவிலும் பூட்டு. "வாய்க்காலைத் தூர்த்துக் கட்டுனது தம்பி. மழைக்கு மழை ஆள் காலி பண்ணிடும். அன்னைக்கு நீங்க பாத்ததெல்லாம் வீட்டுக்காரரோட சொந்தக்காரங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா.

பிறகு சிறியதாக ஒரு வீட்டைச் சிங்காரவேலுதான் பார்த்துக் கொடுத்தார், குடியிருக்க நல்ல குடும்பத்தையும் அவரே கொண்டுவந்தார். நான் அன்று சொன்ன சொல்லைப் பற்றி அவர் ஒருநாளும் பேச்செடுத்ததில்லை. மன்னிப்புக் கேட்க நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் வாடகையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

அவர் உடலுக்கு மாலை போட்டுவிட்டு மரம்போல் நின்றேன். என் மனைவிதான் குனிந்து, "இவரு சொல்ல மாட்டாரு அண்ணே, நான் சொல்றேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

என் வாய் அப்போதும் திறக்கவில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது சொல்கிறேன்: அன்று அவருக்கு வயிற்றெரிச்சல் இல்லை, கண்ணிருந்தும் குருடனாய் நின்றவன் நான்தான். அவரால் கிடைத்த வீடு என்னிடம் இருக்கிறது. அவர் காதில் விழாத இந்த மன்னிப்பும் என்னிடமே இருக்கிறது.